குறைந்துபோன நான்கு மாதங்கள்

சுஹாஸ் மாண்ட்கேவுக்கு மொபைல் அதிர்ந்தாலே பயம். அமெரிக்காவில், எடிசனில் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் ஒரு கிரீன் கார்டு மனு ஓடிக்கொண்டிருந்ததால் பயம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் சுஹாஸ் பயப்படுகிறான் என்றால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"உனக்கென்னப்பா, நாலு வருஷ இன்ஜினியரிங்" என்பார் கீழ்வீட்டு ஜிக்னேஷ் பாய். அவருடையது சூரத்தில் படித்த மூன்று வருட பி.எஸ்ஸி. "என் டிகிரியப் பாத்துட்டு மிச்ச ஒரு வருஷம் எங்கடானு கேக்கறான். சூரத்துல விட்டுட்டு வந்துட்டேனாம். நான் மூணாவது வரிசை. நீ ராஜா, ரெண்டாவது."

சுஹாஸ் சிரித்துவைப்பான். கிரீன் கார்டுக்கான இரண்டாவது வரிசைக்கு நான்கு வருடப் பட்டமும், அதற்குப் பிறகு ஐந்து வருட வேலையும் வேண்டும். 'பிறகு' என்கிற அந்தச் சொல்தான் அவனை உறுத்தியது.

2019 ஏப்ரலில், கம்பெனி வக்கீல் லிண்டாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. குடியேற்ற அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது. பட்டமளிப்புச் சான்றிதழில் 2010 பிப்ரவரி என்று இருக்கிறது, புனேயில் வேலை தொடங்கியதோ 2009 ஜூலை. உண்மையில் எப்போது தேர்ச்சி பெற்றார்? கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியலை அனுப்பவும். எண்பத்து நான்கு நாள் அவகாசம்.

"இது சாதாரணம்தான்" என்றாள் லிண்டா போனில். "உங்க ஊர்ல பட்டமளிப்பு விழா லேட்டாத்தானே நடக்கும்? ஜூன்ல ரிசல்ட் வந்த பேப்பர அனுப்பிடு, முடிஞ்சுது."

ஜூனில் அவனுக்கு ரிசல்ட் வரவில்லை. ஒரு பேப்பர் போயிருந்தது. எங்கள் மகாராஷ்டிரக் கல்லூரிகளில் அதைக் கே.டி. என்போம், வாங்காதவர் வீட்டுக்கு ஒருவர் தேறினால் அதிகம். டிசம்பரில் மறுபடி எழுதி, 2010 ஜனவரி இருபத்தெட்டாம் தேதி பாஸ் ஆனான். ரிசல்ட் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லியே அதற்குள் வேலையில் சேர்ந்துவிட்டிருந்தான். ஜனவரியிலிருந்து எண்ணினால், அமெரிக்காவுக்குக் கிளம்பிய 2014 செப்டம்பர் வரை நாலு வருடம் எட்டு மாதம். ஐந்துக்கு நான்கு மாதம் குறைவு.

இதை அப்போதே வக்கீலிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் சாங்லியில் ஒரு தட்டு போஹா, அதாவது அவல் உப்புமா.

2012இல் பெண் பார்க்கப் போனபோது, ருதுஜாவின் அப்பா, கணக்கு வாத்தியார், எலுமிச்சை பிழிந்துகொண்டே கேட்டார்: "கே.டி. ஏதாவது உண்டா தம்பி?" அதே காரணத்துக்காக அதற்கு முன் இரண்டு பையன்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். ருதுஜா டீத்தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். "இல்ல காகா, எல்லாம் ஒரே தடவைல" என்றான் சுஹாஸ். அந்தப் பதில் அப்புறம் மாறவே இல்லை. பயோடேட்டாவில் அதே 2009 ஜூன். மனுவிலும் அதே. கீழே கையெழுத்து.

"மார்க் ஷீட் எங்க வெச்சே?" என்றாள் ருதுஜா.

"கோலாப்பூர்ல எங்க வீட்டு பீரோவக் கரையான் அரிச்சுதே. அதுல இருந்துது."

பெட்டிக்கடியில் நீல ஃபைலில்தான் இருந்தது. அவள் துணி துவைக்கக் கீழே போகும் நேரம் பார்த்து எடுத்து, அந்தத் தேதியைப் படித்து, திரும்ப வைப்பான். தேதி மாறுமா என்ன? மகள் ஈரா ஸ்கூலில் வரைந்த வீட்டுப் படத்தை நீட்டினால், அடுத்த வருஷம் இதை ஒட்டி வைக்க இந்தச் சுவர் நமக்கு இருக்குமா என்றுதான் தோன்றியது. விசாவின் ஆறு வருடம் 2020 செப்டம்பரோடு முடிகிறது. மனு விழுந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜிக்னேஷ் பாயிடம் பாதி சொன்னான். அவர் குரலைத் தாழ்த்தினார். "புனேல ஒருத்தன் இருக்கான். எந்த மாசம் வேணும்னு சொல்லு, அச்சு அசலா அடிச்சுக் குடுப்பான்."

"மாட்டினா?"

"மாட்டினா ஜன்மத்துக்கும் இந்த நாட்டுல கால் வெக்க முடியாது. அதனாலதான் நான் இன்னும் மூணாவது வரிசைல நிக்கறேன்."

இதற்குள் ருதுஜா தன் பங்குக்கு உதவியிருந்தாள். தம்பி ஓம்காரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி நகல் வாங்கச் சொல்லிவிட்டாள். அதை அவள் பெருமையாகச் சொன்னபோது சுஹாஸ் டீயைக் கீழே வைத்தான். "எதுக்கு அவனைப் போய்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் காலை, பாக்கரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ருதுஜாவின் மொபைல் அதிர்ந்தது. ஓம்கார் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே மார்க் ஷீட் படத்தைப் போட்டிருந்தான். கீழே எழுத்து: "தாஜி, சூப்பர்! நீங்களும் நம்ம ஜாதிதான், கே.டி. ஜாதி!" அக்கா புருஷனைத் தாஜி என்று கூப்பிட்டுக் கேலி செய்வது அவன் வழக்கம். அதே குழுவில்தான் மாமனாரும் இருந்தார்.

ருதுஜா அடுப்பை அணைத்தாள்.

"ஜனவரி 2010னு போட்டிருக்கு."

"ஆமா."

"எங்கப்பாட்ட சொன்னது பொய்."

"ஆமா. உன்னக் கட்டிக்க வேற வழி தெரியல."

"அத இப்ப இழுக்காத. ஏழு வருஷம் எங்கிட்ட வாயத் திறக்கலயே, அதுக்கு உனக்கு அப்புறம் இருக்கு." மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். "கவர்ன்மென்டுக்குக் குடுத்த பேப்பர்லயும் ஜூன்னு கையெழுத்துப் போட்டியா?"

அவன் தலையாட்டினான். அப்போதுதான் அவள் முகத்தில் பயம் வந்தது. என்னிடம் பிறகு சொன்னாள்: அவன் வருஷக்கணக்கில் தனியாகச் சுமந்தது அந்த ஒரு நிமிஷத்தில் பாதி அவள் தோளுக்கு வந்துவிட்டதாம்; கனம் மட்டும் குறையவில்லையாம்.

"போன் போடு. இப்பவே. நான் பக்கத்துல நிக்கறேன்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லிண்டா சொன்னாள்: "முதல் நாளே சொல்லியிருந்தா மூணாவது வரிசைக்கு, மூணு வருஷ அனுபவம் போதும்னு எழுதியிருப்பேனே, சுஹாஸ்."

பழைய மனுவை வாபஸ் வாங்க வேண்டும். புதிதாக மூன்றாவது வரிசையில் தொடங்க வேண்டும். அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கிறாரா என்று விளம்பரம், காத்திருப்பு எல்லாம் முடிந்து செப்டம்பருக்குள், அதாவது விசா முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே, முதல் படிவம் பதிவாகியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நீட்டிப்பு கிடையாது.

"பழைய தேதியப் பத்திக் கேப்பாங்களா?"

"கேக்கலாம். கேட்டா உண்மையச் சொல்லு. பொய்னு முடிவு பண்ணாங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி படிவம் பதிவானது. ஆறு நாள் மிச்சம். ஜிக்னேஷ் பாய் ஒரு டப்பா டோக்ளாவோடு மேலே வந்தார். "வா ராஜா, எங்க வரிசைக்கு. வாலு கொஞ்சம் நீளம், ஆனா பேச்சுத்துணைக்கு ஆள் உண்டு."

அன்று மாலையே சாங்லியிலிருந்து மாமனார், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, ஒரு வரி அனுப்பினார்: "கே.டி. எந்தப் பாடத்தில்?"

"கணக்கு" என்று அடித்தான் சுஹாஸ். அனுப்பும் பொத்தானின் மேல் விரல் நின்றது. ருதுஜா எட்டி அவன் விரலை அழுத்திவிட்டாள்.

மறுநிமிஷம் மொபைல் அதிர்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். எடுத்துப் பார்க்க யாருக்கும் கை வரவில்லை: பதில் சொல்லும் மாமனாரா, பழைய தேதியைப் பற்றிக் கேள்வி வந்ததென்று சொல்லும் லிண்டாவா?