நாலு டென்ச் மீனும் கால் குளமும்

வில்ஃப்ரெட் டான்ஸ்லி முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். மணி அடித்தால் மூடுவார், ரயில் போனால் திறப்பார். ஸ்பால்டிங் ஊர்ப் பக்கத்து ரயில்கள் என்றைக்கும் அவசரப்பட்டதில்லை. ஆகவே, கண்ணில் படாத ஒன்று எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பது அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஓய்வு பெற்றதும் வீட்டுத் தோட்டத்தில் குளம் வெட்டி டென்ச் மீன் விட்டார். அதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

டென்ச் பாசிப் பச்சையாக, வழவழவென்று, சின்னச் சிவப்புக் கண்ணோடு இருக்கும். இருக்குமாம். குளத்தில் விட்ட நிமிஷமே சேற்றுக்குள் போய்விடும். அப்புறம் அதன் இஷ்டம். வில்ஃப்ரெட் ஒரு வாளியிலிருந்து நாலு மீனைக் கவிழ்த்து வருஷம் பதினாறு ஆகிறது. அதன்பிறகு அவற்றைப் பார்த்தவர் யாருமில்லை.

ஜூன் மாதம் அங்கே தோட்டம் திறக்கும் ஞாயிறு ஒன்று உண்டு. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் யார் வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் நுழையலாம். வில்ஃப்ரெட் டை கட்டிக்கொண்டு குளக்கரையில் நின்று, உள்ளே நாலு டென்ச் இருக்கிறது என்பார். வந்தவர்கள் குனிந்து, கறுப்புத் தண்ணீரை மரியாதைக்கு எவ்வளவு நேரம் பார்க்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு, ரொம்ப அழகு என்பார்கள். போன வருஷத்துக்கு இப்போது நன்றாகத் தேறியிருக்கின்றன என்று ஒரு பாதிரியாரே சொல்லியிருக்கிறார். ஒருவர் காட்டுகிற மீனைக் காணோம் என்பது, அவர் கொடுத்த டீயைக் கீழே ஊற்றுவதற்குச் சமம்.

இந்த வருஷம் யார்க்ஷயரிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். அங்கே மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார்கள். குனிந்தாள், பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

பக்கத்தில் கேக் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி மேவிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். பதினாறு வருஷமாக அவளும் மரியாதைக்குத்தான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள் என்று வில்ஃப்ரெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் கலைந்ததும் மேவிஸின் தீர்ப்பு வந்தது. அடுத்த ஞாயிறுக்குள் மீனைக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் குளத்தில் சரளைக்கல்லைக் கொட்டி மூடி, மேலே ஒரு பெஞ்சு.

திங்கட்கிழமை ரொட்டி போட்டார். செவ்வாய்க்கிழமை மண்புழு. புதன்கிழமை பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. ஓடிப்போய் மேவிஸைக் கூட்டிவந்தார். அழுகின இலையும் குமிழி விடும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வியாழக்கிழமை, கேட்டில் லாரிக்காரர்களிடம் பேசின குரலில் தண்ணீரைப் பார்த்துப் பேசிப் பார்த்தார். லாரிக்காரர்களாவது திரும்பித் திட்டுவார்கள்.

ஞாயிறு காலை, மீனைக் காட்டுகிற நாளாயிற்றே என்று டை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு டெரெக்கின் பம்ப்பை வாங்கிவந்து குளத்தையே இறைத்தார். பதினொரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. முழங்கால் ஆழம் சேறு, ஒரு செருப்பு, இரண்டு கரண்டி. மீன் இல்லை. வில்ஃப்ரெட் தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று தெரியாமல் டெரெக்கும் கழற்றினார்.

சரளைக்கல் மூட்டைகள் ஏற்கனவே வாசலில் வந்து இறங்கியிருந்தன. மேவிஸ் காரியத்தைத் தள்ளிப்போடுகிறவள் இல்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பெஞ்சுக்கு இடம் குறிக்க ஒரு கட்டையோடு சேற்றில் இறங்கினாள். நடுவில் போய் நின்றுவிட்டாள்.

"வில்ஃப்ரெட்."

"என்ன?"

"யாரோ என் காலை முட்டறாங்க."

"அசையாம நில்லு" என்று அவர் டையோடு அப்படியே இறங்கிவிட்டார். அவள் காலுக்கடியில் இரண்டு கையையும் விட்டுத் துழாவி, தலையணை அளவுக்கு ஒன்றைத் தூக்கினார். மேவிஸ் மீனைப் பார்த்தாள். மீன் சிவப்புக் கண்ணால் மேவிஸைப் பார்த்தது. இரண்டு பேருக்குமே பெரிய அபிப்பிராயம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

"பாத்துட்ட இல்ல?"

"பாத்தேன். ஒண்ணு. நீ நாலுன்னு இல்ல சொன்ன?" மேவிஸ் இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். "நாலுல ஒண்ணு காட்டினா கால் குளம் உனக்கு. மிச்சம் முக்கால்ல என் பெஞ்சு. நியாயமா இல்லையா?"

டெரெக் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்றார். பம்ப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி வில்ஃப்ரெட் அவரைக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் துழாவ ஆரம்பித்தார். அவரைத் தனியாக எண்ணவிட மனசில்லாமல் மேவிஸும் துழாவினாள். எடுத்ததையெல்லாம் பழைய குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்துப் போட்டார்கள். நாலு மணிக்கு இரண்டு பேரும் கழுத்துவரை சேறு. தொட்டியில் ஒன்பது மீன். யாரும் பார்க்காத இந்தப் பதினாறு வருஷத்தில் அவை சும்மா இருக்கவில்லை.

டெரெக்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "மீனுக்குக் கால் குளம்னா, அப்போ ஒன்பதுக்கு ரெண்டேகால் குளம் ஆகுது" என்றார்.

வில்ஃப்ரெட் மெதுவாகத் திரும்பி, குளத்துக்கு அந்தப் பக்கம் மேவிஸ் போட்டிருந்த பீன்ஸ் பாத்தியைப் பார்த்தார்.

"அவர் கணக்குல ஏதாவது தப்பு இருக்கா, மேவிஸ்?"

மேவிஸ் தப்பு தேடினாள். வாத்தியார் கண்ணால் இரண்டு தரம் தேடினாள்.

"கணக்கு சரிதான்" என்றாள். "பீன்ஸ் வரைக்கும் தோண்டிக்கோ. என் ரோஜாப் பக்கம் மண்வெட்டி வந்துச்சு, நடக்கிறதே வேற."

தோண்டி முடிக்க ஆகஸ்ட் ஆயிற்று. மழைத் தண்ணீர் நிரம்பியதும் ஒன்பது மீனையும் தொட்டியிலிருந்து கவிழ்த்தார்கள். ஒன்பதும் நேரே சேற்றுக்குள் போயின. அவை கண்ணில் படாமல் இருக்க இப்போது இரண்டேகால் மடங்கு இடம் இருக்கிறது.