அக்கரை உப்பு

அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் ஏர் பூட்ட மாட்டார்கள். இப்போது ஏர் மாடு யாரிடமும் இல்லை, எல்லாம் டிராக்டர்தான். ஆனாலும் அமாவாசை என்றால் டிராக்டருக்கும் லீவு. உழ மாட்டார்கள், விதைக்க மாட்டார்கள், மருந்துகூட அடிக்க மாட்டார்கள். விவசாயிக்கு மாதத்தில் கிடைக்கிற ஒரே முழு நாள் அது. அதை வீட்டில் படுத்துக் கழிக்கிற ஆம்பளை அந்த ஊரில் யாரும் இல்லை.

அது நான் பிறந்த ஊர் அல்ல. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மரக்காணம் உப்பளத்தில் இரண்டு சீசன் உப்பு சுமந்தேன். கால் வெடிப்பில் உப்பு இறங்கிப் புண்ணானதும் அதை விட்டேன். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கிளியனூர் பக்கம் செங்கல் லோடு ஏற்றினேன். ஓரிடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் எனக்குத் தரிக்காது. அப்படிச் சுற்றி வந்ததில், உப்பளத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கிராமத்தில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெளியூர்க்காரர்கள் அதை நிலக்கடலை என்பார்கள்.

அமாவாசை காலையில் பதினைந்து பேர் பைக்கிலும் மொபெட்டிலும் கால்வாய்க் கரைக்குப் போவோம். அங்கே கால்வாய் விரிந்து ஏரி மாதிரி கிடக்கும். இந்தக் கரையில் சவுக்குத் தோப்பு, அந்தக் கரையில் உப்புப் பாத்தி. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும், ஆனால் முகம் தெரியாது. சிலர் சேற்றில் கைவிட்டு நண்டு பிடிப்பார்கள். சிலர் சவுக்கு நிழலில் தார்ப்பாய் விரித்துச் சீட்டாடுவார்கள். பதினோரு மணிக்குக் கடல் காற்று திரும்பிவிடும். அதற்குப் பிறகு வெயில் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மாதம் முழுக்கக் குனிந்தே வேலை செய்தவர்கள் அன்றைக்கு மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பார்கள். அதுவே பெரிய காரியம்.

மத்தியானம் மீன் குழம்பு. அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் வீட்டிலிருந்து வரும். உப்பு மட்டும் வராது. உப்பை அக்கரைக்கு நீந்திப் போய்க் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். புதிதாகக் கூட்டத்தில் சேருகிறவன்தான் அதைச் செய்ய வேண்டும். உப்புப் பாத்தியில் ஒரு துண்டு நிறைய வாங்கி, தலையில் கட்டிக்கொண்டு, கிளம்பின இடத்துக்கே நீந்தி வர வேண்டும். தண்ணீருக்குள் கால் தரையில் படக் கூடாது. பிளாஸ்டிக் கவர் கூடாது. செய்துவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அவன் வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். என் துண்டில் பாதி உப்பு கரைந்து முதுகில் வழிந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் வரும், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் வந்ததே இல்லை. அவர்களுக்கும் அன்று வயல் வேலை கிடையாது. வீட்டு வேலை இருந்தது.

நான் வேலை செய்தது ஒரு அக்காவிடம். குத்தகைக்கு இரண்டு காணி எடுத்து மல்லாட்டை போட்டிருந்தார். வயசு நாற்பத்தைந்து இருக்கும். வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில் செக்யூரிட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அக்கா புடவைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வயலில் நிற்பார். தினமும் வேலை முடிந்ததும் அதே சட்டையோடு கிணற்றில் குதித்துவிடுவார். மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பார். நான் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

சித்திரை மாத அமாவாசையன்று நாங்கள் தோப்பில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா பஸ் இறங்கித் தனியாக நடந்து வந்தார். கையில் ஒரு துண்டு மட்டும் இருந்தது.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு டிராக்டர்காரர். அக்காவின் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. சமையலும் அவர்தான். கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா அண்ணி, வழி தவறி வந்துட்டியா?"

"உப்பு எடுக்க வந்தேன்."

"கடையில பாக்கெட்டு விக்கறாங்களே."

"எனக்கு ஒரு பாக்கெட்டு வாங்கணும்னு வரலப்பா. உங்க கூட்டத்துல சேரணும்னு வந்தேன். எடுத்தாந்துட்டா மாசாமாசம் வருவேன். நான் மட்டும் இல்ல, வர்றேன்னு சொல்ற பொம்பளைங்க எல்லாரும் வருவாங்க."

சீட்டு ஆட்டம் நின்றுவிட்டது.

"அண்ணன் கிட்ட கேட்டியா?"

"அவரு அங்க கேட்டைப் பாத்துக்கறாரு. என்னை யாரும் பாத்துக்க வேணாம்."

டிராக்டர்காரர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "இது கிணறு இல்ல அண்ணி. பிடிச்சு நிக்கப் படி இல்ல" என்றார்.

"அதுக்குத்தான் வந்தேன். கிணத்துல எட்டு வீச்சு வீசினா சுவரு இடிக்குது. நான் நேரா நீஞ்சினதே இல்ல."

சரி, இறங்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தோற்றால் இனிமேல் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஒருத்தர் சொன்னார். "தோத்தா அடுத்த அமாவாசைக்கும் வருவேன். நீங்க எத்தினி தடவ தோத்தீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. உண்மைதான். அவர்களில் பலர் இரண்டு மூன்று தடவை முயற்சி செய்துதான் சேர்ந்தவர்கள்.

கடைசியாகச் சேர்ந்தவன் சாட்சியாகக் கூடவே நீந்த வேண்டும். அது நான். துணையாகப் போகலாம், தொடக் கூடாது.

அக்கா நன்றாகத்தான் நீந்தினார். உப்புத் தண்ணீர் தூக்கிக் கொடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது. "மெத்தையாட்டம் இருக்குதுடா" என்றார். ஆனால் பாதி தூரத்தில் கவனித்தேன், அக்கரையில் எதிரே இருந்த, உப்புப் பாத்திக்குத் தண்ணீர் விடும் மதகை விட்டு வடக்கே விலகிக்கொண்டே போனார். கரை சேர்ந்தபோது மதகு முப்பது அடி தள்ளி இருந்தது. கரையில் நடந்து போய் உப்பு வாங்கினோம், அதற்கு அனுமதி உண்டு. திரும்பும்போது இன்னும் மோசம். தெற்கே விலகி, விலகி, இறால் வலைக்கு நட்டிருந்த கழிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டார். அங்கே ஆழம் இல்லை. கால் சேற்றில் பட்டு நின்றுவிட்டது.

அக்கரையில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இக்கரையில் விசில் அடித்தார்கள்.

"ஓதம் இழுத்துடுச்சு அண்ணி" என்றார் டிராக்டர்காரர், சமாதானமாக. கடல் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்பார்கள். அமாவாசையன்று அது பலமாக இருக்கும். அங்கே யார் விலகிப் போனாலும் பழியை ஓதத்தின் மேல்தான் போடுவார்கள்.

அக்கா சட்டையைப் பிழிந்துகொண்டே யோசித்தார். "போகச் சொல்ல வடக்கே இழுத்துது. வரச் சொல்ல தெக்கே இழுத்துது. ஒரே ஓதம் ரெண்டு பக்கமும் இழுக்குமா?"

போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம் என்று கையால் காட்டினார்.

அன்று அவருக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதைப் போலக் கொடுத்தார்கள். அதுதான் அவரைச் சுட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் வேலை முடிந்து கிணற்றில் இறங்கும்போது என்னைக் கூப்பிட்டார். "மேல நின்னு பாரு. நான் எந்தப் பக்கம் சுத்தறேன்னு சொல்லு."

பார்த்தேன். படியிலிருந்து தள்ளிக்கொண்டு கிளம்பினால் வலது பக்கம் மோட்டார் பைப் தொங்குகிறது. அதில் இடிக்காமல் இருக்க எப்போதும் இடது பக்கமாகவே வளைந்து சுற்றினார். இத்தனை வருஷமாக அப்படியேதான் சுற்றியிருக்கிறார். அவருடைய உடம்புக்கு நீச்சல் என்றாலே இடது பக்கம் வளைவதுதான். போகும்போது இடது பக்கம் வடக்கு, வரும்போது இடது பக்கம் தெற்கு. ஓதத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை.

"இடது பக்கம்தான்க்கா" என்றேன்.

"தெரியும். உன் வாயால கேக்கணும்னுதான் நிக்க வச்சேன்" என்றார்.

அடுத்த நாளே பைப்பைத் தள்ளிக் கட்டச் சொன்னார். ஏணி போட்டுக் கட்டினது நான்தான். கை சிராய்த்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க அக்கா வலது பக்கமாகவே சுற்றினார். முதல் வாரம் தோள் வலியால் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கவே முடியவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு பிடுங்கினார். பிறகு ஒரு சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று அந்தப் பக்கம். கடைசி நாட்களில் கிணற்றின் குறுக்கே, சுவரிலிருந்து சுவருக்கு, நேராக. எட்டு வீச்சுதான். திரும்பவும் எட்டு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. சாயந்திரம் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கும்.

வைகாசி அமாவாசைக்கு ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பதினைந்து பேர் வருகிற இடத்தில் முப்பது பேர் வந்தார்கள். பெண்கள் வரவில்லை. வர விரும்பியவர்கள் வீட்டில் இருந்தபடி காத்துக்கொண்டிருந்தார்கள்.

டிராக்டர்காரர் அடுப்புக்கு முன்னால் நின்று, "அண்ணி, குழம்பு கொதிக்க வச்சுட்டேன். சீக்கிரமா உப்பு கொண்டா. இல்லன்னா பத்தியச் சாப்பாடுதான்" என்றார்.

"நீ தீயைக் குறைச்சு வை. அவசரப்பட்டா மீனு உடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அக்கா தண்ணீரில் இறங்கினார்.

நான் பின்னால் போனேன். இந்தத் தடவை அவர் மதகின் மேலிருந்த சிவப்புக் கொடியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நடுவில் இரண்டு தடவை உடம்பு இடது பக்கம் திரும்பப் பார்த்தது. இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக்கினார். மதகின் கல்லையே கையால் தொட்டுக் கரையேறினார். அங்கிருந்த உப்பளப் பெண்களில் ஒருத்தி உப்புக் குவியலில் காய்ந்த இடமாகப் பார்த்துக் கூடையில் வாரி வந்தாள்.

"எவ்ளோ வேணும்?"

"துண்டு தாங்கற வரைக்கும் போடு."

ஆண்கள் உப்பைத் துண்டில் முடிந்து தலைப்பாகை மாதிரி கட்டுவார்கள். நீந்தும்போது தலை இப்படியும் அப்படியும் திரும்பும், அலை மேலே ஏறும், உப்பு கரையும். அக்கா தலைப்பாகை கட்டவில்லை. துண்டைச் சுற்றி, தண்ணீர்க் குடம் தூக்கும்போது வைப்பதைப் போலச் சும்மாடு செய்து, அதன் மடிப்புக்குள் உப்பை வைத்து உச்சந்தலையில் உட்கார வைத்தார். முடிச்சுகூட இல்லை. அப்படியே தண்ணீரில் இறங்கினார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் புரிந்தது. கழுத்துக்குக் கீழே கையும் காலும் வேலை செய்தன. கழுத்துக்கு மேலே ஒன்றும் அசையவில்லை. புல் கட்டு, தண்ணீர்க் குடம், காய் மூட்டை என்று சின்ன வயசிலிருந்து சுமந்த கழுத்து. பின்னாலிருந்து பார்த்தால் வரப்பு மேல் ஒரு பொம்பளை சும்மாட்டோடு நடந்து போகிறது மாதிரியே இருந்தது. வரப்புக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு படகு போய் அலை வந்தது. அக்கா நீச்சலை நிறுத்தி, நின்ற நிலையில் காலை மட்டும் அடித்து, அலை கழுத்துக்குக் கீழே போகிற வரை காத்திருந்தார். அதுவும் கிணற்றுப் பழக்கம்தான். பிறகு கிளம்பினார். இறால் கழிகள் எங்களுக்கு இடது பக்கம் தூரத்தில் கிடந்தன. அந்தப் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை. கிளம்பின இடத்தில் கிடந்த பனந்தடியைத் தொட்டுத்தான் காலை ஊன்றினார்.

இக்கரையில் ஒரு சத்தமும் இல்லை. அக்கரையில் உப்பளப் பெண்கள் தகரக் கூடைகளைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் தண்ணீர் மேல் நன்றாகக் கேட்டது.

அக்கா நேராக அடுப்புக்குப் போய்ச் சும்மாட்டை இறக்கி விரித்தார். ஓரம் மட்டும் ஈரம். நடுவில் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு பெரியவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இக்கரைக்குக் காய்ந்த உப்பு வந்து சேர்ந்ததை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

டிராக்டர்காரர் அதிர்ச்சியில் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் பாதி கரைந்து வருகிற உப்பைத்தான் அவர் துண்டோடு குழம்பில் உதறுவார், அது அளவாக இருக்கும். அன்றும் பழக்கத்தில் துண்டை எடுத்து முழுசாக உதறிவிட்டார்.

குழம்பு கடல் தண்ணீர் மாதிரி இருந்தது. புளித் தண்ணீர் ஊற்றினார், தேங்காய்ப் பால் ஊற்றினார், ஒன்றும் ஆகவில்லை. முப்பது பேரும் உட்கார்ந்து அதையே சாப்பிட்டோம்.

"உப்பு கரிக்குதுப்பா" என்று அக்காவே சொன்னார்.

"இல்ல அண்ணி, சரியாத்தான் இருக்குது" என்றார் டிராக்டர்காரர். வாய்க்கு வாய் சொம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் எத்தினி பேரு வர்றீங்கன்னு சொல்லு. அரிசி அதுக்கேத்த மாதிரி போடணும்."

அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனபோது டிராக்டர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அவரும் சிரித்தார்.

சாப்பிட்டதும் ஆண்கள் வழக்கம்போலத் தோப்பில் சாய்ந்தார்கள். அக்கா மறுபடியும் தண்ணீருக்குப் போனார். இந்தத் தடவை அக்கரையைப் பார்த்துப் போகவில்லை. கால்வாய் நீண்டு கிடக்கிற பக்கமாக, வடக்கே, நிதானமாக நீந்திப் போனார். சாட்சி யாரும் தேவையில்லை. நான் கரையில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனி அமாவாசைக்குப் பதினோரு பெண்கள் வந்தார்கள். அதில் நாலு பேருக்குத்தான் நீச்சல் தெரியும். மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நண்டு பிடித்து, கடி வாங்கி, சாயந்திரம் வரை கரையேற மறுத்துவிட்டார்கள்.

நான் அதற்கு முன்பே திண்டிவனத்தில் ஒரு குடோன் வேலைக்குப் போவதாக இருந்தேன். அந்த அமாவாசை முடிந்துதான் போனேன்.