கேக்கைக் கெட்டியாகப் போடச் சொன்ன மெக்கானிக்

தெருவில் அவளுக்குக் கேக் அக்கா என்றுதான் பெயர். கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் வேண்டுமென்றால் ஜனங்கள் நேராக அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. அந்த நல்ல பெயரில் மண்ணை அள்ளிப் போட்டது அவள் கேக் ஏற்றிப் போகும் பழைய பெரிய வண்டியின் பின்பக்கம்.

பின்சக்கரத்தை ஒட்டி நின்று குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போய்விட்டன என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னார். மாற்றச் சொன்னாள். மாற்றியாயிற்று என்றார், குனிந்து பார்க்கவும் சொன்னார். உள்ளே இரண்டும் கறுப்பாகப் பளபளத்தன. சொந்த அண்ணன் மாதிரி மனுஷர் என்று நம்பி வந்தாள். அடுத்து ஒரு கல்யாணக் கேக், ஹாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நடுவில் பிளந்துவிட்டது. "கேக் போடத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்தத் தொழில்?" என்று பெண்ணின் அம்மா அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

வண்டி மேல் சந்தேகம் வருமா? அதில்தான் புதுசு போட்டாயிற்றே. அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். மாவை மாற்றினாள், வெண்ணெயை மாற்றினாள், அடுப்பைத் திட்டினாள். அத்தனை வருஷம் தப்பாத கை, இப்போது சர்க்கரையை இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தது. அடுத்த கேக்கும் பிளந்தது. எதற்கும் வண்டியை ஒருமுறை பாருங்கள் என்று போய் நின்றபோது அந்த மனுஷர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "வண்டியில ஒண்ணுமில்லம்மா. நீங்க கேக்கைக் கொஞ்சம் கெட்டியாப் போடுங்க."

எப்படி இருக்கிறது பாருங்கள்! குலுக்குவது வண்டி, புத்திமதி கேக்குக்கு.

வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லி, கேக் வைக்கும் இடத்தில் தானே ஏறி உட்கார்ந்தாள். ஒரே ஒரு வேகத்தடை. தலை கூரையில் இடித்தது. அதற்கப்புறமும் பின்பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. "இதுவா புதுசு? இனி எவன் கையையும் நம்பறதா இல்ல" என்று கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, அடியில் நுழைந்தாள்.

வீட்டுக்காரர் ஆபீஸில் பேனா பிடிக்கிறவர். கையில் கிரீஸ் பட்டால் சோப்பைத் தேடி ஓடுகிற ஆள். "நமக்கு எதுக்கும்மா இந்த வேலை? தெருவே பாக்குது."

"பாக்கட்டும். கேக் உடைஞ்சதையும்தான் எல்லாரும் பாத்தாங்க. அந்த ஸ்பேனரைக் கொடுங்க."

போல்ட்டைச் சுற்றி ஒரே அழுக்கு. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தாள். துணி கறுப்பானது. கறுப்புக்கு அடியில் துரு. துருவுக்கு நடுவில், முன்பு கல்லில் அடிபட்டு நசுங்கிய பள்ளம். "இதோ பாருங்கண்ணே" என்று வண்டியை ரிப்பேருக்கு விடும்போது அந்த மெக்கானிக்குக்கு அவளே விரல் வைத்துக் காட்டிய அதே பள்ளம்.

மாற்றவே இல்லை. பழசுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான்.

"பாவி! என் கையையே என்னைச் சந்தேகப்பட வெச்சுட்டானே!" வண்டிக்கடியில் படுத்தபடியே கத்தினாள். காசு போனது அவளுக்கு வலிக்கவில்லை, இதுதான் வலித்தது. வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் அடியில் நுழைந்தார். புதுசை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்கினாள். தொங்கும்போதே இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும்.

மறுநாள் அதே பழைய மாவு, அதே பழைய அளவு, மூன்றடுக்கு. வழியிலிருந்த ஒரு வேகத்தடையையும் விடாமல் ஏறி இறங்கி ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிறுத்தினாள். கேக்கைத் தூக்கி அவன் மேசையில் வைத்தாள். அதில் ஒரு கீறல் இல்லை.

"என்னம்மா, யாருக்குப் பிறந்தநாள்?" என்று பல்லெல்லாம் தெரிய எழுந்தான்.

பழைய ஷாக் அப்சார்பரை, பாதி கறுப்பும் பாதி துருவுமாக, கேக்குக்குப் பக்கத்தில் டமாரென்று போட்டாள். பல் உள்ளே போய்விட்டது. வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, உள்ள வாங்க, பேசித் தீத்துக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்..."

"பணத்தை அப்புறம் பேசுவோம்." போனில் ஒரு நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அவன் கையில் திணித்தாள். "கேக் போடத் தெரியலன்னு என்னைக் கேட்டாங்களே, அந்தப் பொண்ணோட அம்மா. கேக் ஏன் உடைஞ்சதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே."

"ஹலோ, யாரு?" என்றது போன்.

அவன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்தான். சுற்றி நின்றவர்கள் யாரும் நகரவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் கேக் அக்கா. "அங்கேயும் நிறைய பேர் இருந்தாங்க."