வானவெடிப் பெட்டிக்கு ஒரு படம்

அண்ணாச்சி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவரை நினைத்தால், படத்தின் மேல் வைத்திருந்த விரலை அவர் சட்டென்று எடுத்துக்கொண்டதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனி வைத்திருந்த அவர், புது வானவெடிக்குப் படம் பார்க்க வந்திருந்தார். தொலைநோக்கியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினேன். இரண்டு விண்மீன் மண்டலங்கள், நீலமும் சிவப்புமாக ஒன்றையொன்று சுற்றிக் கிடந்தன. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்ன படம் என்று கேட்டார்.

"ரெண்டும் மோதுது அண்ணாச்சி."

அப்போதுதான் விரலை எடுத்தார். கம்பெனியில் நடந்த வெடி விபத்தில் அவருடைய தம்பி இறந்து அதிக நாள் ஆகவில்லை.

"மோதுற படம் வேண்டாம்மா. வேற காட்டு."

மயில் படம் ஒன்றைத் திறந்தேன். அவர் பார்க்கவில்லை. "இப்பிடி மோதுறது அடிக்கடி நடக்குமா?" என்றார்.

"நடக்கும் அண்ணாச்சி. ஆதியில இன்னும் அதிகமாம். நம்ம நட்சத்திரக் கூட்டமே சின்னச் சின்னக் கூட்டங்களச் சேத்துக்கிட்டுத்தான் இம்புட்டுப் பெருசாச்சு."

"அப்ப உள்ள இருக்குற நட்சத்திரமெல்லாம்?"

நட்சத்திரங்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருப்பதால், அவை ஒன்றோடொன்று முட்டுவதே அபூர்வம் என்றேன். மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, விலகி, திரும்பி வந்து, கோடிக்கணக்கான வருடங்களில் ஒன்றாகிவிடும்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்புட்டு மெதுவாவா? இங்கன ஒரு நொடிதாம்மா."

தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

மறுநாள் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து வயது இருக்கும். அப்பா போனதிலிருந்து, எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். "பாப்பாவுக்கு அந்தப் படத்தக் காட்டும்மா" என்றார். நான் சொன்னதையெல்லாம் அவரே அவளுக்குச் சொன்னார், பாதியைத் தப்பாக. நான் திருத்தவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இது மோதுறப்போ சத்தம் கேக்குமா?"

"கேக்காதும்மா. சத்தத்தக் கொண்டுவர அங்கன காத்து வேணும்ல?"

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பெரியப்பா, இத நம்ம வீட்டுச் செவத்துல ஒட்டணும்."

பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். வானவெடிப் பெட்டிக்கு மயில் படமே போதும் என்று சொல்லிவிட்டு, சுருட்டிய தாள் கசங்கிவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் பின்னாலேயே படியிறங்கினார் அண்ணாச்சி.