காற்றுப்பையின் மேல் பிள்ளையார்

மலேசியாவின் கோலா சிலாங்கூர் கார்ப் பட்டறையொன்றில், மோதலின்போது விரிந்து உயிர் காக்கும் காற்றுப்பை பழையதாகிவிட்டதால் அதை மாற்ற எனக்கு முன்னரே வந்திருந்தவர் அவர். நெற்றி நிறையத் திருநீறு. செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டி இறுகிய தோள்கள். காரை ஓரடி நகர்த்தச் சொன்னாலும், பக்கத்து இருக்கைக்கு எதிரே ஒட்டியிருந்த பித்தளைப் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய பிறகே சாவியைத் திருகினார். பிள்ளையார் அமர்ந்திருந்ததோ காற்றுப்பையின் மூடிமேல்.

வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் பிள்ளையாரை அவர் கையில் கொடுத்தார்.

“அங்கிள், சாமிய மறுபடி அங்க ஒட்டாதீங்க லா. ஏர்பேக் வெடிச்சா, ஒக்காந்திருக்கிறவங்க மூஞ்சியிலதான் வந்து அடிப்பாரு.”

“இத்தன வருசமா காப்பாத்துனவருய்யா. இப்ப அவரே அடிப்பாருங்கிறியா?”

“அவரு எங்க அடிப்பாரு? பைதான் அவரத் தூக்கி எறியும். அந்த சீட்டுல யாரு ஒக்காருவா?”



“மக. மாசமா இருக்கா. நாளைக்கு ரவாங் போயி கூட்டியாரணும்.”

பிறகு பிள்ளையாரைத் துண்டில் சுற்றினார். வீட்டுச் சாமிமேடையில் வைத்துவிடுவதாகச் சொன்னார்.

புறப்படும்போது அவர் கை பழக்கத்தால் முன்னே நீண்டது. அங்கே ஒன்றுமில்லை. சற்றுத் தயங்கிய கை, தோளருகே இருந்த இருக்கைப்பட்டையை இழுத்தது. அதன் கொக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினார்.

அந்த வணக்கத்தை ஏற்றுக்கொண்டவர் யாரென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.