காணிக்கைச் சேவல்

எங்கள் அப்பாவிடம் எதற்கும் ஒரு வேத வசனம் இருக்கும். காலையில் எழுந்திருக்கத் தாமதமானால் எறும்பிடம் போய்ப் பாடம் படிக்கச் சொல்வார். குழம்பில் உப்பில்லை என்று முகம் சுளித்தால் வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களின் கதை வரும். உப்பு கூடிப்போனாலோ, உப்பைப் பற்றியே ஒன்று தயாராக இருக்கும். பிரிட்ஜ் கதவில் ஒரு வசனம், குளியலறையில் ஒன்று, அவர் ஓட்டிய வேனின் கண்ணாடியில் இரண்டு. வசனம் ஒட்டாமல் மிச்சம் இருப்பது அம்மாவின் நெற்றி மட்டும்தான் என்று அத்தை கிண்டல் செய்வாள்.

வாரத்தில் ஆறு நாள் அப்பா சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். எங்கள் சர்ச் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. போதகர் ஐயாவுக்கு இதுபோல நான்கு ஊர்ச் சபைகள் இருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையிலேயே யாராவது எழுந்து பேச வேண்டும். அந்த இடத்துக்கு அப்பாவின் பெயரைச் சொன்ன நாளில் அவர் வேனைக் கழுவிக்கொண்டே ஒரு மணி நேரம் பாடினார்.

அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் இரவெல்லாம் தரை துடைத்து, கக்கூஸ் கழுவும் வேலை. கேளம்பாக்கத்தில், கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஓர் அறை எடுத்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வரும். ஒருமுறை அட்டைப்பெட்டியில் ஒரு கோழிக்குஞ்சு வந்தது. அதுதான் வளர்ந்து, கொண்டையும் கோபமுமாக, தெருவில் போகிற வருகிறவர்களைக் கொத்துகிற சேவல் ஆயிற்று.

அப்பாவின் முதல் பிரசங்கம் விழித்திருப்பதைப் பற்றியது. நாங்கள் போவதற்கு முன்பே அத்தை வந்து, பெண்கள் பக்கம் முதல் வரிசைப் பாயில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. சர்ச்சுக்கு இதை மாட்டிக்கொண்டு வருவதா, என்ன பகட்டு என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பிரசங்கம் கால் மணி நேரம் போயிருக்கும். அத்தை சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

அப்பா அதைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். வேதத்தில் பவுல் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த வாலிபன் கதையை எடுத்தார். நம்ம சர்ச்சுக்கு மாடி இல்லாதது கர்த்தருடைய கிருபை, இருந்திருந்தால் என் தங்கச்சியை இந்நேரம் கீழே போய்ப் பொறுக்க வேண்டியிருக்கும் என்றார். மைக்கில். சபையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அந்தச் சத்தத்தில் அத்தை விழித்து, எங்களை மலங்க மலங்கப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். செருப்பைக் கையில் பிடித்தபடியே வெளியே போய்விட்டாள்.

அதன்பிறகு எட்டு மாதம் அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சின்னவள் அவள்தானே வந்து பேச வேண்டும் என்று அப்பா இருந்தார். "நான் இன்னா தப்பா சொல்ட்டேன்? வேதத்துல கீறதத்தானே சொன்னேன்" என்பார். ஒருநாள் தோசையைத் திருப்பிக்கொண்டே அம்மா பதில் சொன்னாள்: "வேதத்துல, வுயுந்தவன பவுலு எறங்கிப் போயி கட்டிப் புடிச்சிக்கினாரு. நீங்க மேலயே நின்னுகினு சிரிச்சீங்க." அப்பா பாதித் தோசையில் எழுந்தார். தட்டைக் கழுவிவிட்டு வேனை எடுக்கப் போனார்.

விளைச்சலின் முதல் பங்கைச் சர்ச்சில் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. ஒரு காலத்தில் அடுத்தவர் கழனியில் அறுத்தவர்கள் நாங்கள். இப்போது அதுவும் இல்லை. ஆனாலும் பண்டிகையை விடுவோமா? செக்யூரிட்டி வேலை பார்ப்பவர், கேளம்பாக்கம் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயைப் பிளாஸ்டிக் கவரோடு கொண்டுவந்து தன் முதற்பலன் என்று வைப்பார். எங்கள் வீட்டில் உண்மையிலேயே விளைந்தது அந்தச் சேவல் ஒன்றுதான். அதன் காலைக் கட்டி, ஒன்பது வயதுப் பெண்ணான என் கையில் கொடுத்து, காணிக்கையாக வைத்துவிட்டு வா என்று அனுப்பினாள் அம்மா.

அன்றைக்கும் அப்பாதான் பேசினார். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்து நிற்கும்போது, உன்மேல் உன் சகோதரனுக்கு மனக்குறை இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானமாகு, அப்புறம் வந்து கொடு. இதைத்தான் சொன்னார். நன்றாகவே சொன்னார். உன் காணிக்கை காத்திருக்கும், கர்த்தரும் காத்திருப்பார், நீ ஓடு என்றார். குழாயடியில் சண்டை போட்டுப் பேசாமலிருந்த இரண்டு வீட்டுக்காரர்களைப் பார்த்தே அவ்வளவும் சொன்னார்.

பாட்டு தொடங்கியது. வரிசையாக எல்லோரும் காணிக்கையை எடுத்துக்கொண்டு போனோம். மேசைக்கு முன்னால் போனதும் நின்றுவிட்டேன். இந்தச் சேவல் அத்தை கொடுத்தது. அத்தைக்கு என்மேல் குறை இருக்காதா? நானும்தானே சிரித்தேன்! கொடுத்தால் தப்பு, திரும்பக் கொண்டுபோனாலும் தப்பு. என் சடை ரிப்பனை அவிழ்த்துச் சேவலை மேசைக்காலில் கட்டினேன். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து ஓடினேன். மெயின் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. கோவளத்து மீன்கூடைக்காரம்மா மடியில் இடம் கொடுத்தாள். கேளம்பாக்கம் வரை யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அம்மாவோடு முன்பு இரண்டு முறை போன அறைதான். கதவை ரொம்ப நேரம் தட்டினேன். நைட்டியும் கலைந்த தலையுமாக அத்தை வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அத்தே, அன்னிக்கி நானும் சிரிச்சேன்" என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ மன்னிச்சாதான் சேவலக் குடுக்க முடியும். அத அங்கியே கட்டிட்டு வந்துட்டேன்."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரசங்கம் முழுவதையும் நான் ஒப்பித்தேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன், பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். திடீரென்று என் தோளைப் பிடித்து, "யாருகூடடி வந்தே? வூட்ல சொன்னியா?" என்றாள். நான் தலையை ஆட்டின விதத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அடிப்பாவி!" என்று நைட்டிமேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

அதே நேரம் சர்ச்சில் நடந்ததை அம்மா பிற்பாடு பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். காணிக்கை முடிந்து, அப்பா கண்ணை மூடிக்கொண்டு நீண்ட ஜெபத்தைத் தொடங்கியிருக்கிறார். மேசைக்கடியிலிருந்து சேவல் கூவியது. அப்பா குரலை உயர்த்தினார். சேவலும் உயர்த்தியது. மூன்றாவது முறை கூவியபோது சபையில் ஒருவர்கூட இருமவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் வெளியே போய் அழுத பேதுருவை அறியாதவர்கள் எங்கள் சர்ச்சில் யார்? அப்பா பாதி வாக்கியத்தில் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார். சேவலை அடையாளம் கண்டார். அதன் காலில் என் ரிப்பனைக் கண்டார். என்னைக் காணவில்லை. "அன்னிக்கி பிரசங்கம் பண்ணது சேவலு. உங்கப்பா வெறும் மைக்கு புடிச்சாரு" என்பாள் அம்மா.

நாங்கள் போய் இறங்கியபோது ஊரே தெருவில் நின்றது. இரண்டு பேர் குளத்தில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா வெள்ளைச் சட்டை நனைந்து, செருப்பில்லாமல் ஓடிவந்தார். வந்த வேகத்தில் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து நின்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இருவரும் அவ்வளவு அருகில் நின்றார்கள். ஓங்கின கை அப்படியே கீழே வந்தது.

"தப்பு பண்ட்டேம்மா" என்றார் அப்பா. முதன்முதலாக அப்போதுதான் அவர் அழுது நான் பார்த்தேன். குளத்தில் நின்றவர்கள்கூடப் பார்த்தார்கள்.

"வுடுண்ணா. மொதல்ல கொயந்தைக்குத் தண்ணி குடு" என்றாள் அத்தை.

பாதியில் நின்ற ஆராதனையை முடிக்க எல்லோரும் உள்ளே போனோம். நான் ரிப்பனை அவிழ்த்துச் சேவலை முறைப்படி மேசைமேல் வைத்தேன். நைட்டியோடு உள்ளே வர அத்தை கூச்சப்பட்டாள். அப்பாவே அவளைக் கூட்டிவந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார், நான் அவள் மடியில் ஏறிக்கொண்டேன். முடிவு ஜெபம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, என் உச்சந்தலையில் அத்தையின் தாடை வந்து இறங்கியது. மெல்லிய குறட்டை. போச்சுடா என்று நான் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தேன். அவரும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். கையை நீட்டி மைக்கை அணைத்தார். மீதி ஜெபத்தை உதடு மட்டும் அசைய முடித்தார்.

பிறகு காணிக்கைகளை ஏலம் விட்டபோது சேவலை அப்பாவே எடுத்தார். மத்தியானம் அது குழம்பாயிற்று. நான் அழுதுவிட்டு இரண்டு துண்டு தின்றேன். ஏன் மைக்கை அணைத்தாய், யாருக்குமே கேட்கவில்லையே என்று அப்பாவிடம் கேட்டதற்கு, "கேக்க வேண்டியவருக்குக் கேட்டுக்கும், நீ துன்னு" என்றார். தொடைக்கறி அத்தைக்குப் போய்விட்டதே என்ற வருத்தத்தில் நான் மேலே கேட்கவில்லை.

இப்போது நானும் சிறுசேரியில்தான் வேலை செய்கிறேன், மாதத்தில் பாதி இரவுப் பணி. காலையில் கம்பெனி வண்டியில் ஏறினால் கண் சொருகிவிடும். சொந்த வீட்டு வாசலைத் தவிர வேறெங்கும் இறங்க மனம் வராது. போன மாதம் ஒரு காலையில் படுக்கையில் விழுந்த பிறகுதான், அடையாள அட்டையை இன்னும் கழற்றவில்லை என்று கழுத்தில் உறுத்தியது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பகட்டு என்று நான் நினைத்த அந்த அட்டை! இரவெல்லாம் தரை துடைத்துவிட்டு, அறைக்குப் போய்ப் படுக்காமல், நேராக வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருக்கிறாள். அன்றைக்கு அந்தச் சர்ச்சுக்கு அப்பாவின் பிரசங்கத்தைக் கேட்கவென்று வந்தவள் அவள் ஒருத்திதான். சிரித்த நாங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் போனவர்கள்.