ஏழாம் மேசையின் அரை விரல்

அந்தக் கிளப்பில் அவரை ஜோடிக்காரர் என்பார்கள். வரன் பார்க்கிறவர் என்று நினைத்து ஒரு விருந்தாளி தன் மகளின் புகைப்படத்தையே ஒருமுறை நீட்டிவிட்டார். ஜோடிக்காரர் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, தாம் சேர்த்துவைப்பது சுருட்டையும் விஸ்கியையும் மட்டுமே என்று விளக்கினார். சிரமம் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். இரு தரப்பின் வயதைப் பார்க்க வேண்டும், குணத்தைப் பார்க்க வேண்டும், ஒன்று வாயைத் திறந்தால் மற்றது அடங்கிப்போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை பெரிய வல்லுநரைப் பற்றி உறுப்பினர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. பிறந்தது முதல் அவர் ஒரு சுருட்டையும் வாயில் வைத்ததில்லை. விஸ்கி ஒரு சொட்டுகூட அவர் தொண்டையைப் பார்த்ததில்லை. ஒழுக்கம் என்று யாரும் அவசரப்பட்டுப் பாராட்டிவிட வேண்டாம். மனைவிதான் காரணம். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். ஒரு நாளைக்கு அறுபது நுரையீரல்களைப் பார்த்து அலுத்து வீடு திரும்புகிறவரிடம் அறுபத்தோராவதாக நிற்கும் துணிச்சல் ஜோடிக்காரருக்கு வரவே இல்லை. சட்டையில் ஒட்டிவரும் புகைக்கு, வேலை என்ற பெயரில் மன்னிப்பு உண்டு. வாயில் வந்தால் கிடையாது.

பிறகு எப்படி வல்லுநர் ஆனார்? துடைத்துத்தான் ஆனார்.

இருபத்து மூன்று வருஷங்களுக்கு முன்னால் புகை அறையில் மேசை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். காலையில் வந்ததும் பத்து மேசைகளிலும் முந்தைய நாளின் மிச்சம் கிடக்கும்: சாம்பல் தட்டில் சுருட்டுத் துண்டு, பக்கத்தில் கிளாஸ். மற்றவர்கள் அதைக் குப்பை என்று கொட்டினார்கள். இவர் விரல் வைத்து அளந்தார். நாலு விரல் துண்டும் அரை கிளாஸ் மிச்சமும் என்றால் இரண்டுக்கும் சண்டை. ஒரு விரல் துண்டு, காலி கிளாஸ் என்றால் பரம சம்மதம். சுருட்டில் சுற்றிய காகித வளையத்தின் நிறத்தையும் கிளாஸின் அடியில் தங்கிய வாசத்தையும் சேர்த்து, மேசை எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தார். பொழுதுபோக்காகத்தான். ஒருநாள் புது உறுப்பினர் ஒருவர், "இந்தச் சுருட்டுக்கு எதுப்பா பொருந்தும்?" என்று சும்மா கேட்டுவைக்க, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நோட்டில் இருந்ததைச் சொன்னார். அன்றோடு துணி போயிற்று, கோட்டு வந்தது.

நோட்டில் முப்பத்தொன்பது ஜோடிகள். முதல் ஜோடிக்கு மட்டும் பக்கத்தில் நட்சத்திரம்: சிவப்பு வளையம் போட்ட கறுத்த சுருட்டும், புகை வாசம் தூக்கலான விஸ்கியும். ஏழாம் மேசையில் பத்து வருஷமாக வாரம் தவறாமல் அந்த ஜோடியின் மிச்சம் அரை விரலுக்கு மேல் இருந்ததில்லை. கிளாஸ் கழுவி வைத்ததுபோல இருக்கும். இதற்கு மேல் ஒரு விஞ்ஞானத்துக்கு என்ன நிரூபணம் வேண்டும்? எல்லோருக்கும் அதையே சிபாரிசு செய்தார். எல்லோரும் இருமிக்கொண்டே, "ஆகா, என்ன ஆழம்!" என்றார்கள்.

இப்படி நல்லபடியாக நடந்துகொண்டிருந்த வாழ்க்கைக்குள் புதுச் செயலாளர் வந்து சேர்ந்தார்.

"ஜோடிக்காரரே, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நிகழ்ச்சி. நீங்க மேடையில உக்காந்து, உங்க நம்பர் ஒன் ஜோடியை இழுத்துக் குடிச்சுக் காட்டணும். ஒவ்வொரு இழுப்புக்கும் விளக்கம் சொல்லணும்."

"நான் எதுக்கு சார் மேடையில? ஓரமா நின்னே சொல்லிடறேனே."

"ஓரமா நிக்கறவர் பேச்சை யார் கேப்பாங்க? நல்லா அமைஞ்சா உங்களை நிரந்தர ஆலோசகரா போட்டுடலாம். அமையலேன்னா..." செயலாளர் சிரித்தார். "பழைய துணி இன்னும் அலமாரியிலதான் இருக்காம்."

சிரித்துக்கொண்டு சொல்கிற செயலாளர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். ஜோடிக்காரருக்கு அது தெரியும். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று யோசித்தார். சுருட்டுப் பெட்டியின் ஈரமானியை நாளுக்கு இருபது தடவை பார்த்தார். அது எழுபதிலேயே நின்றது. அவர் நாடித் துடிப்பு மட்டும் நூறைத் தாண்டியது.

வியாழக்கிழமை மாலை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பென்சிலை வாயில் வைத்து இழுத்து, ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "தோல்... ஈர மண்... கடைசியில் லேசாக மிளகு..." என்று சொல்லிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் மனைவியும் இருந்தார்.

"என்னங்க, பென்சிலுக்கும் டீக்கும் எப்போ நிச்சயம் பண்ணீங்க?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"புகையை உள்ள இழுக்கக் கூடாதாம்மா. வாயில வெச்சிருந்துட்டு விட்டுடணுமாம். நுரையீரலுக்குச் சம்பந்தமே இல்ல."

"என் மேசைக்கு வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. படம் வேற மாதிரி சொல்லுது."

"அப்போ துணியை எடுக்கச் சொல்றியா?"

"நான் எதையும் எடுக்கச் சொல்லல. அந்த ஏழாம் மேசைக்காரர் பத்து வருஷமா அதைக் கடைசி வரைக்கும் விடாம இழுக்கறார் இல்ல? அதுல என்ன ருசின்னு அவர்கிட்டயே கேட்டு, அதை அப்படியே மேடையில சொல்லுங்களேன். இவ்வளவு நாள் அடுத்தவங்க வாயை வெச்சுத்தானே பிழைச்சீங்க?"

இருபத்து மூன்று வருஷ விஞ்ஞானத்தை ஒரே வரியில் சுருக்கிவிட்டார். ஆனால் யோசனை பலமானது. ஜோடிக்காரர் அன்று கொஞ்சம் தூங்கினார்.

ஏழாம் மேசைக்காரர் உரம் விற்கிற முதலாளி. பருத்த உடம்பு, சிக்கனமான பேச்சு. சனிக்கிழமை ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் வழக்கமான ஜோடி. ஜோடிக்காரர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"முதலாளி, ஒரு சந்தேகம். இந்தச் சுருட்டையும் விஸ்கியையும் சேர்த்து எடுக்கறப்போ உங்களுக்கு என்ன தோணும்? தோலா, மண்ணா, மிளகா?"

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், எனக்கு மூக்கு போய் இருபது வருஷமாச்சு. உர மூட்டைக்கு நடுவுல உக்காந்து உக்காந்து எல்லாம் செத்துப்போச்சு. நாக்கும் சேர்ந்து போச்சு. நீ வெந்நீரைக் குடுத்தாலும் குடிப்பேன்."

ஜோடிக்காரர் இன்னும் குனிந்தார். "அப்போ... அரை விரல் வரைக்கும் விடாம இழுப்பீங்களே?"

"சுருட்டு எரியற வரைக்கும் இங்க உக்காரலாம். அணைஞ்சா வீட்டுக்குப் போகணும்." முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க வீட்டுக்காரியை உனக்குத் தெரியாது."

"இந்த ஜோடியைத் தேடிப் பிடிச்சது..."

"கடையில இருக்கறதுலயே இதுதான் ரொம்ப நேரம் எரியும். அதான்."

நோட்டில் இருந்த நட்சத்திரம் ஜோடிக்காரரின் கண்ணுக்குள் ஒருமுறை மின்னி உதிர்ந்தது. மூக்கில்லாத ஒருவரின் குடும்பச் சண்டையை எடுத்து, பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் ருசி என்று ஊட்டியிருக்கிறார். கழிவறைக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். கோட்டுப் பொத்தானைத் திருகித் திருகிக் கையோடு பிய்த்துக்கொண்டார். அதற்குள் மணி ஆறு.

மேடையில் நாற்காலி, சின்ன மேசை, விளக்கு. கீழே ஒன்பது மேசைகளிலும் அதே ஜோடியை வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் காத்திருந்தார்கள். அவர் எப்போது இழுப்பாரோ அப்போது தாங்களும் இழுப்பதற்கு. ஏழாம் மேசை மட்டும் யாருக்கும் காத்திருக்கவில்லை.

ஜோடிக்காரர் சுருட்டின் நுனியை வெட்டினார். அதில் குறை சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் வெட்டிய கை. பற்றவைத்தார். இழுத்தார். புகையை வாயோடு நிறுத்த வேண்டும் என்று பென்சிலிடம் படித்த பாடம் அந்தக் கணத்தில் மறந்துபோய், அது நேராக மனைவியின் இலாகாவுக்குள் இறங்கியது. இருமலை அணைக்க விஸ்கியை விழுங்கினார். தீயை அணைக்க யாரோ மண்ணெண்ணெய் ஊற்றியது போல இருந்தது. கண்ணில் தாரை தாரையாக நீர். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

தோல், ஈர மண், மிளகு எல்லாம் நுனி நாக்கில் தயாராக நின்றன. அந்த நாக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

"இது," என்றார் ஜோடிக்காரர் கம்மிய குரலில், "இது ஒத்துக்காது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கொல்லுது."

செயலாளரின் முகம் அலமாரியின் பக்கம் திரும்பியது. அப்போது மூன்றாம் மேசையில் ஒரு வக்கீல் சுருட்டை டக்கென்று தட்டில் நசுக்கினார்.

"எனக்கு அப்பவே தெரியும்! பத்து வருஷமா நெஞ்சைக் கரிச்சுது. மரியாதைக்காக இருமாம இருந்தேன்!"

"நானும்தான்!" என்றார் ஐந்தாம் மேசை. "நீங்க எங்க இருமாம இருந்தீங்க?" என்றார் ஆறாம் மேசை. ஒன்பது மேசைகளிலும் சுருட்டுகள் நசுங்கின, கிளாஸ்கள் தள்ளப்பட்டன. தன் பத்து வருஷச் சிபாரிசை ஒரே இழுப்பில் திருத்திக்கொண்ட நேர்மையை என்னவென்பது என்று செயலாளர் எழுந்து கை தட்டினார். ஆலோசகர் பதவி அங்கேயே அறிவிக்கப்பட்டது. கூடவே, மீதி முப்பத்தெட்டு ஜோடிகளையும் சனிக்கு ஒன்றாக இதே மேடையில் அவரே சோதித்துச் சொல்வார் என்பதும்.

கூட்டம் கலைந்தபோது ஆலோசகரின் கை தன்னையறியாமல் கைக்குட்டையை எடுத்து மேடை மேசையைத் துடைத்தது. தட்டில் கிடந்த தன் சுருட்டை அளந்தார். ஐந்து விரல். கிளாஸ் முக்கால் மிச்சம். நோட்டைத் திறந்து முதல்முறையாகத் தன் மிச்சத்தை எழுதினார். நட்சத்திரத்தை அடித்தார்.

மணி ஏழரை. உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தார். சட்டை என்று சொல்லித் தப்ப முடியாத வாசம். வாசல் வரை போனார், திரும்பினார். வாயைக் கொப்புளித்தார், முகர்ந்தார், மறுபடி கொப்புளித்தார். முப்பத்தெட்டு சனிக்கிழமைகள். கடைசியில் அறையில் ஆள் இருந்த ஒரே மேசைக்குப் போய், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு நுனியில் உட்கார்ந்தார்.

உர முதலாளி கையிலிருந்த துண்டைப் பார்த்தார். இன்னும் இரண்டு விரல் இருந்தது.

"என்னய்யா, வீட்டுக்குப் போகலையா?"

"நீங்க மெதுவா இழுங்க முதலாளி," என்றார் ஜோடிக்காரர். "அவசரமே இல்ல."